அம்மாவின் மஞ்சள் பை

அக்காவுக்கு,

வியாழக்கிழமை அம்மாவை உன் வீட்டுக்கு அழைத்து வருகிறேன். ஆடி பிறக்க நான்கு நாள்தான் இருக்கிறது, அதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று இந்த முறையும் அவசரப்படுத்துகிறார். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். நான் இங்கே எழுதுவதை நீ விடாமல் படிக்கிறாய் என்று மாமா சொன்னார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மாவை வைத்துப் பார்த்துக்கொள்ள என்னால் ஏன் இனி முடியவில்லை என்பது உனக்குத் தெரியும். ஊர் முழுக்கப் படிக்கும் இடத்தில் அதை எழுத மாட்டேன். அம்மாவைக் கேட்டுத்தான் முடிவெடுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில், முடிவெடுத்த பிறகுதான் கேட்டேன். "எங்கே இருந்தால் என்ன" என்றார். 1964இல் இந்தியாவும் இலங்கையும் நம் மலையகத் தமிழரைப் பங்கு போட்டு ஒப்பந்தம் போட்டபோது தாத்தாவை யாரும் கேட்கவில்லை என்று சிறு வயதில் நாம் எத்தனை முறை கோபப்பட்டிருப்போம்!

கட்டில், பீரோ எல்லாம் வேனில் வரும். கையோடு கொண்டுவரும் பையை நேற்றிரவு நானே அடுக்கினேன். அடுக்கும்போது கை நடுங்கியது, அக்கா.

அந்த மஞ்சள் பைகள் உனக்கு நினைவிருக்கும். கூடலூர் ஜவுளிக்கடையில் ஒரு தீபாவளிக்குக் கொடுத்த இரண்டு பைகள். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுக் குன்னூர் வந்த அன்று, ஒன்றில் உப்பு, மஞ்சள், காமாட்சி விளக்கு, பால் காய்ச்சும் பாத்திரம். இன்னொன்றில் அப்பாவின் இன்ஹேலர், மாத்திரைகள், மருந்துச்சீட்டு. ஒன்று பஸ்ஸில் எங்களோடு வர வேண்டும், மற்றது லாரியில் போகலாம். எந்தக் கை எந்தப் பையை லாரிக்காரரிடம் நீட்டியது என்பதை எழுத மாட்டேன். என் கைதான் என்று ஏழு பேர் முன்னால் சொன்னாய், அது அப்படியே இருக்கட்டும். கிளம்பும்போது பையைத் திறந்து பார்க்காதவன் நான்தான்.

வழியில் நடுவட்டம் பக்கம் மரம் விழுந்தது ஊட்டியில் பஸ் மாறும்போதுதான் தெரிந்தது. நாங்கள் தாண்டி வந்துவிட்டோம், லாரி அந்தப் பக்கம் நின்றுவிட்டது. குன்னூர் வீட்டுக்குள் நுழைந்தபோது இருட்டிவிட்டது. வெறும் தரை. அப்பாவுக்கு ஊட்டிக் குளிரிலேயே இளைப்பு ஆரம்பித்திருந்தது. சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். நான் பைக்குள் கையை விட்டேன். முதலில் உப்புப் பொட்டலம் வந்தது. அப்புறம் மஞ்சள் கிழங்கு. அப்புறம் விளக்கு. அடிவரை துழாவினேன், பாத்திரத்துக்குள்ளும் பார்த்தேன். அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீல இன்ஹேலர் இல்லை என்று எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பரவாயில்லை. பாலைக் காய்ச்சுங்கள்" என்றார். மூன்று சொற்களுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

அடுப்பு லாரியில் இருந்தது.

மழையில் ஓடினேன். முதல் மருந்துக்கடை பூட்டியிருந்தது, இரண்டாவது கடையில் சீட்டு கேட்டார்கள். திரும்பி வந்து ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய் நெபுலைசர் வைத்த பிறகுதான் அவர் முகம் பழைய நிறத்துக்கு வந்தது. அன்றிரவு அவர் போகவில்லை, அக்கா. இருபது நாளுக்கு மேல் எங்களோடு இருந்தார், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஓலைக்காற்றாடி செய்துகொடுத்தார். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் அவரைக் கொண்டுபோனது நுரையீரல் காய்ச்சல். மருத்துவர் உன்னிடமும் அதைத்தான் சொன்னார். நீ கேட்டுக்கொள்ளவில்லை.

அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டிய 2019 ஆகஸ்ட் வாரம் அது. பாதை அடைபட்டுக் கூடலூர் சனம் யாரும் வர முடியவில்லை. வீட்டில் ஏழு பேர்தான். அந்த ஏழு பேர் முன்னால், "ஒரு பையை ஒழுங்காக எடுத்துவரத் தெரியாதவன்" என்றாய். என் தவறுதான், மன்னித்துவிடு என்று அன்றே சொல்லியிருப்பேன். ஆனால் சாமான் கட்ட வா என்று ஒரு மாதம் முன்பே கூப்பிட்டேனே, ஏன் வரவில்லை? லீவு கிடைக்கவில்லை என்றாய். துக்கத்துக்குக் கிடைத்தது. இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், அழிக்க மாட்டேன்.

அப்பாவுக்கு இன்ஹேலரைக் குலுக்கிக் கொடுக்கக் கற்றுத்தந்தவள் நீதான். உன் கை அன்று அங்கே இருந்திருந்தால் பை மாறியிருக்காது. இதைத்தான் நீயும் அந்த ஏழு பேரிடமும் சொல்லாமல் உனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

இந்தப் பையில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், இனி இது உன் பொறுப்பு. பிரஷர் மாத்திரை காலையில் ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று. ஓய்வூதியப் புத்தகத்தோடு ஆதார் இருக்கிறது, வருடத்துக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்கத் தவறாதே. இலங்கையிலிருந்து வரும்போது கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை பழைய துணியில் சுற்றியிருக்கிறது, அதில் அம்மாவுக்கு ஒன்பது வயது. அதைப் பிரித்துக் காட்டச் சொல்லி அவ்வப்போது கேட்பார், காட்டு. ஸ்வெட்டருக்குள் ஒரு தீப்பெட்டி இருக்கும். மழைக்காலத்தில் குச்சி நமுத்துப்போகாமல் இருக்க லைன் வீட்டில் அப்படித்தான் வைப்பார், திருப்பூர் வெயிலில் எதற்கு என்று கேட்டுப் பார்த்தேன், எடுக்க விடவில்லை. நீயும் எடுக்காதே.

காலை ஏழு மணிக்குக் குன்னூரில் ஏறுகிறோம். மேட்டுப்பாளையத்தில் மாறி, அன்னூர், அவிநாசி வழியாக வருவோம். பை என் மடியில் இருக்கும். வழியில் எங்காவது நிற்க நேர்ந்தாலும் பயப்படாதே, இரண்டு நாள் மாத்திரை தனியாக என் சட்டைப்பையில் இருக்கிறது.

தம்பி