ஒரு கண்மாயை எல்லாத் துறைகளும் சேர்ந்து படியுங்கள்: தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் அவர்களுக்கும், ஆட்சிக்குழுவினருக்கும், ஐந்து புலங்களின் பேராசிரியர்களுக்கும், ஆய்வு மாணவர்களுக்கும்,

வணக்கம்.

நான் பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களின் கரையில் கழிந்தது. தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை, கல்வெட்டு வாசிக்கவும் தெரியாது. ஆனாலும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்பதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

ஒரு கோடையில் கண்மாய் ஒன்றில் தூர் வாரும் வேலை. தண்ணீர் சுத்தமாக வற்றியிருந்தது. கரையிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே இரண்டு கல்தூண்கள் நின்றன. மழைக்காலத்தில் தண்ணீருக்கு மேலே தலை மட்டும் தெரியும், கொக்கு உட்காரும். மடைத்தூண் என்று எங்களுக்குத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. ஒப்பந்தக்காரர் அதைப் பெயர்த்துவிட்டு வாரினால் வேலை சுலபம் என்றார். நானும் சரி என்று சொல்லியிருப்பேன். ஊர்ப் பெரியவர் ஒருவர்தான், "தூணில் எழுத்து இருக்குதய்யா, யாரையாவது கூட்டிவந்து பாருங்க" என்று நிறுத்தினார். கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவர் வந்தார். தூணைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி, மைப்படி எடுத்தார். அப்புறம் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். அந்தக் குமிழியை, அதாவது அந்த மடையை, யார் செய்வித்தார் என்று அதில் இருந்தது. அவ்வளவுதான் செய்தி. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பல நூறு ஆண்டுகளுக்கு முன்னால் என் வேலையைச் செய்த ஒருவரின் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

குமிழி என்ற சொல்லையே அவர் வாயால்தான் அறிந்தேன். பின்னால் படித்துப் பார்த்ததில் அதன் அமைப்பு புரிந்தது. இப்போது நாங்கள் வைக்கிற ஷட்டர் கரையோடு ஒட்டியிருக்கும். குமிழித்தூம்பு அப்படி இல்லை, கரையைவிட்டு விலகி நீர்ப்பரப்புக்குள்ளேயே நிற்கும். தூண்களுக்கு அடியில் ஒரு கல்தொட்டி. அதன் மேல்பலகையில் ஒரு துளை, அது நீரோடித்துளை. அடியில் சிறு துளைகள், அவை சேறோடித்துளைகள். தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் ஒரு சுருங்கை போய் வெளியே வாய்க்காலில் திறக்கும். மேல்துளையின் அடைப்பைத் தூக்கினால் நீரும் பாயும், அந்த இழுப்பில் அடியில் படிந்த சேறும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். வயலுக்கு வண்டலும் கிடைத்தது, கண்மாயும் ஓரளவு தானே தூர் வாரிக்கொண்டது. நீரில் மூழ்கி அந்த அடைப்பைத் தூக்கியவர்கள் இருந்தார்கள். வெள்ளக் காலத்தில் உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலை அது.

இவ்வளவையும் நான் ஒரே இடத்தில் கற்கவில்லை என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வருகிறேன். எழுத்தைப் படித்தவருக்கு நீர் எப்படி ஓடும் என்பது தெரியவில்லை. எனக்கு நீர் தெரியும், எழுத்து தெரியாது. அடியில் படிந்திருந்த மண் எத்தனை காலத்துப் படிவு என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது, அதற்கு நிலவியல் படித்தவர் வேண்டும். சோழ நாட்டில் ஏரி என்பதை இங்கே கண்மாய் என்கிறோம். கண்மாய் நிரம்பினால் மிச்ச நீர் வழிந்து போகிற இடத்தைக் கலிங்கு, கலுங்கு, கலிங்கல் என்று ஊருக்கு ஊர் உச்சரிப்பு மாற்றிச் சொல்கிறார்கள். அதற்கு அகராதிக்காரரும் மொழியியல்காரரும் வேண்டும். அப்புறம் கரைமேல் இருக்கிற அய்யனாரும், ஒரு பெண்ணைக் காவு கொடுத்துத்தான் கரை நின்றது என்று கிழவிகள் சொல்கிற கதையும்.

அந்தக் கதையை முதலில் கேட்டபோது நான் காதில் வாங்கவில்லை. ஒரு ஐப்பசியில் அடைமழை. இரவு கரையில் கசிவு என்று தகவல் வந்து மணல்மூட்டையோடு ஓடினோம். அந்தக் கதையில் வரும் அதே இடத்தில்தான் ஊற்றெடுத்திருந்தது. கதை சொன்ன ஊருக்கு அந்த இடம் பலவீனமானது என்று தெரிந்திருக்கிறது, எங்கள் வரைபடத்துக்குத் தெரியவில்லை. ஒரு சம்பவத்தை வைத்து எல்லாக் கதையும் உண்மை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு நாட்டுப்புறவியல் மாணவர் ஐம்பது கண்மாய்களின் கதைகளைத் திரட்டி, ஒரு பொறியாளர் அதே ஐம்பது கரைகளின் உடைப்புப் பதிவுகளை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏதோ ஒன்று தெரியவரும். இல்லை என்று தெரிந்தாலும் அதுவும் ஒரு விடைதான்.

இந்த எல்லாரும் ஒரே வளாகத்தில் இருக்கிற இடம் எது என்று யோசித்தால் உங்கள் பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வருகிறது. 1981 ஜனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு முடிந்த அதே ஆண்டு செப்டம்பரில் உங்கள் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. முதல் துணைவேந்தர் வ. அய். சுப்பிரமணியம் ஒரு மொழியியலாளர். தமிழுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் என்றதும் இலக்கியமும் இலக்கணமும் போதும் என்று இருந்துவிடவில்லை. கலை, சுவடி, வளர்தமிழ், மொழி, அறிவியல் என்று ஐந்து புலங்கள். சிற்பமும் நாடகமும் ஒரு பக்கம், ஓலைச்சுவடியும் கல்வெட்டும் கடல்சார் தொல்லியலும் ஒரு பக்கம், சித்த மருத்துவமும் நில அறிவியலும் கணிப்பொறியும் இன்னொரு பக்கம். கட்டடக்கலைக்கும் நாட்டுப்புறவியலுக்கும் பழங்குடி மக்கள் ஆய்வுக்கும்கூட இடம் உண்டு. தமிழ் என்பது ஒரு மக்கள்கூட்டம் மண்ணோடும் நீரோடும் கல்லோடும் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் என்று நினைத்தால்தான் இப்படி ஒரு பட்டியல் போடத் தோன்றும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இந்த அகலத்தால் என்ன கிடைக்கும் என்பதை நீங்களே ஒருமுறை காட்டியிருக்கிறீர்கள். கொடுமணலைச் சொல்கிறேன். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்ற ஊர்ப்பெயர் வருகிறது. அது நொய்யல் கரையில் இப்போது ஈரோடு மாவட்டத்தில் இருக்கும் கொடுமணல்தான் என்ற எண்ணம் இலக்கியம் படித்தவர்களிடம் இருந்தது. 1985 தொடங்கி உங்கள் கல்வெட்டியல், தொல்லியல் துறை அங்கே தோண்டியது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்தன, அதைப் படிக்க எழுத்தியல் வேண்டும். இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன, அதற்கு உலோகவியல் வேண்டும். பாதி வேலை முடிந்த நிலையில் பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, சூதுபவளம் என்று மணிகள் கிடைத்தன. கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நிலவியல்காரர்தான் அந்தப் பகுதியிலேயே இருக்கும் படியூரையும் சிவன்மலையையும் காட்ட முடியும். சூதுபவளம் உள்ளூர்க் கல் இல்லை, வடக்கேயிருந்து வந்தது. அப்படியானால் வணிகம், சாலை, பாலக்காட்டுக் கணவாய், மேற்குக் கடற்கரைத் துறைமுகம் என்று கேள்வி விரிகிறது. பாட்டில் இருந்த ஒரு ஊர்ப்பெயர் இப்படித்தான் உலையும் பட்டறையும் கடைத்தெருவும் உள்ள நிஜமான ஊராயிற்று. ஒரு துறை மட்டும் தனியாக இதைச் செய்திருக்க முடியாது.

கொடுமணலுக்குச் செய்ததை ஒரு கண்மாய்க்கும் செய்யுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஏதாவது ஒரு கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து புலங்களிலிருந்தும் ஒவ்வொரு ஆய்வு மாணவர் அதே கண்மாயில் இறங்கட்டும். ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு நெறியாளர்கள் இருக்கட்டும், இருவரும் வெவ்வேறு புலத்தைச் சேர்ந்தவர்களாக. கடைசியில் ஐந்து ஆய்வேடுகளோடு சேர்த்து, அந்த ஊர்க்காரர் படிக்கிற தமிழில் ஒரே புத்தகமும் வரட்டும். மாணவர்களுக்கு உதவித்தொகையும் ஊருக்குப் போய்வரச் செலவும் போதும், பெரிய ஆய்வுக்கூடம் கட்ட வேண்டியதில்லை.

இரண்டு நெறியாளர்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் தம்பி மகள் வரலாறு படித்தவள். என்னோடு சின்ன வயதிலிருந்து கண்மாய்க்கரையில் திரிந்தவள். மடைக் கல்வெட்டுகளையும் கண்மாய் வண்டலையும் சேர்த்து ஆராய வேண்டும் என்று ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தாள் (உங்கள் பல்கலைக்கழகம் இல்லை). "நீ வரலாறா, மண்ணியலா? முதலில் அதை முடிவு பண்ணு" என்றார்கள். இரண்டும் என்றால் எந்தத் துறைக் கணக்கில் வைப்பது என்று கேட்டார்கள். ஆறு மாதம் அலைந்தாள். கடைசியில் வண்டலை விட்டுவிட்டுக் கல்வெட்டை மட்டும் வைத்துத் தலைப்பை மாற்றிக்கொண்டாள். ஆய்வு நல்லபடியாக முடிந்தது, பட்டமும் வந்தது. ஆனால் அவள் கேட்க நினைத்த கேள்வி கேட்கப்படாமலே போயிற்று. அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு இடம் வேண்டும்.

இதைச் சொன்னால் சிலர், எல்லாரும் எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொடும்படி ஆகிவிடாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். என் தூணை வாசித்தவர் இருபது வருடம் கல்லோடு மல்லுக்கட்டியவர். தேய்ந்துபோன ஒரு எழுத்து ரகரமா ககரமா என்று அரை மணி நேரம் யோசித்தார். அவரைப் பொறியியல் படியுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் அவராகவே இருக்கட்டும். பக்கத்து அறையில் இருப்பவர் என்ன கண்டுபிடித்தார் என்று அவருக்குத் தெரிய வேண்டும், இவர் வாசித்ததை அவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சித்த மருத்துவச் சுவடிகளிலும் இதே கதைதான். ஓலையைப் படிக்கத் தெரிந்தவருக்கு மூலிகை தெரியாது. ஆகாசகருடன் என்று ஒரு சுவடியில் இருக்கும், இன்னொன்றில் கொல்லன்கோவை என்று இருக்கும். இரண்டும் ஒரே கொடி என்பதைத் தாவரவியல்காரர் சொல்லாவிட்டால் பதிப்பில் இரண்டு மருந்தாகிவிடும். உங்கள் ஊரிலேயே, 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தில் பல வகை மருத்துவம் அறிந்த வைத்தியர்களைக் கூட்டி வைத்து மருத்துவ முறைகளைத் தொகுக்கச் செய்தார். கண் நோயாளிகளைப் பற்றி அப்போது எழுதி வைத்த குறிப்புகள் கண்ணின் படங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. இந்தக் காலத்துக் கண் மருத்துவர்களும் அவற்றைப் படித்திருக்கிறார்கள். உங்கள் வளாகத்திலிருந்து பேருந்தில் போனால் கொஞ்ச நேரத்தில் பார்த்துவிடலாம்.

ஏன் கண்மாய், ஏன் இப்போது என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருப்பதாக அரசுக் கணக்கு. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாய்கிற நிலம், நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் எங்கள் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் என்று பிரித்துப் பார்த்தோம். 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு மராமத்து வேலைகளைத் தொடங்கியது. அந்தப் பெயருக்குப் பின்னால் 1858-ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கும் முன்னால் ஊரே கூடி வேலை செய்த வழக்கமும் இருக்கின்றன. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனி வாரியமே இருந்தது, அது சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலம். ஆனால் இன்று மண் அள்ளும் எந்திரம் இறங்கும்போது, எந்தத் தூணை விட வேண்டும், எந்த வரத்து வாய்க்கால் எங்கே போயிற்று, எந்த இடத்தில் கரையைத் தொடக்கூடாது என்று சொல்ல ஆள் இல்லை. சொல்லக்கூடிய கிழவர்கள் வருடத்துக்கு நாலைந்து பேராகக் குறைகிறார்கள். எங்கள் ஊரில் மடை திறக்கிற நீர்க்கட்டி போன தை மாதம் இறந்துபோனார். அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, எந்த மடை முதலில், மழை பொய்த்த வருடம் எப்படிப் பங்கு என்பதெல்லாம் அந்த நீர்க்கட்டியோடு போய்விட்டது. நான் குறித்து வைத்தது கொஞ்சம்தான், அதுவும் பொறியாளனின் கண்ணுக்குப் பட்டது மட்டும்.

என்னிடம் பதினொரு குறிப்பேடுகள் இருக்கின்றன. கண்மாய்வாரியாக மடை மட்டம், கலுங்கு மட்டம், உடைப்பு எடுத்த தேதி, ஊர்க்காரர்கள் சொன்னது என்று கையால் எழுதியவை. அட்டை கிழிந்திருக்கிறது, கையெழுத்து மோசம், ஆனால் படிக்கலாம். உங்களுக்குத் தேவை என்றால் நானே தஞ்சாவூர் வந்து சுவடிப்புலத்தில் ஒப்படைக்கிறேன். ஓலைக்கு இடம் கொடுத்தவர்கள் காகிதத்துக்கும் கொடுப்பீர்கள்.

ஆய்வுக்கு எந்தக் கண்மாய் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் சொன்ன தூண்கள் இன்னும் நிற்கின்றன, அன்றைக்கு அவற்றைப் பெயர்க்கவில்லை. சித்திரைக் கடைசியில் தண்ணீர் வற்றி, தொட்டி வரைக்கும் கண்ணில் படும். ஐந்து புலங்களிலிருந்தும் ஐந்து மாணவர்களை அனுப்புங்கள். காலையில் வெயிலுக்கு முன்னால் வந்துவிட்டால் நல்லது. கரையோரம் ஒரு புளியமரம் இருக்கிறது, அங்கே காத்திருப்பேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்,
புதுக்கோட்டை மாவட்டம்