ஸ்காபுறோ–றூஜ்பார்க் உறவுகளுக்கு எங்கள் நன்றி

2025 பெப்ரவரி 27இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத் தேர்தல். சரியாக 60 நாள் கழித்து, ஏப்ரல் 28இல் மத்திய அரசுத் தேர்தல். இரண்டிலும், ரொறன்ரோவின் கிழக்கே இருக்கும் எங்கள் பகுதி மக்கள் வாக்களிக்கத் துணைநின்ற அத்தனை பேருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில், பனி தள்ளியவர்களுக்கு. முன்கூட்டிய வாக்களிப்பு பெப்ரவரி 20 முதல் 22 வரை. அதற்கு முன் கொட்டிய பனி நடைபாதை ஓரமெல்லாம் குவிந்து இறுகிக் கிடந்தது. பஸ் தரிப்பிடத்தில் ஆள் நுழையும் அகலத்துக்கு வெட்டி, உப்பும் தூவி விட்டீர்கள். ஊன்றுகோலோடு வந்த அம்மம்மாமார் பஸ் ஏறியது அதனால்தான்.

தொலைபேசியில் விளக்கம் சொன்ன இளையவர்களே, உங்கள் வேலைதான் கடினம். ஒரே வீடு, இரண்டு தொகுதி. மாகாணத்துக்கு 2018இல் நடைமுறைக்கு வந்த எல்லைதான் இன்னும், தொகுதி ஸ்காபுறோ–றூஜ்பார்க். மத்திய அரசுக்கோ எல்லைகள் மாறி, ரொறன்ரோவின் 25 தொகுதிகள் 24 ஆகிவிட்டன. அந்தப் பழைய பெயரும் போய், ஸ்காபுறோ–கில்ட்வூட்–றூஜ்பார்க் வந்தது. பெப்ரவரியில் வந்த வாக்காளர் தகவல் அட்டையை வைத்துக்கொண்டு ஏப்ரலில் போனால் இடமும் பிழையாகும், வேட்பாளரும் வேறு.

அடையாளப் பத்திரத்திலும் அதே சிக்கல். மாகாணத் தேர்தலில் வாக்காளர் தகவல் அட்டையோடு பெயருள்ள ஒரு பத்திரம் போதும். அட்டை இல்லாவிட்டால் பெயரும் வீட்டு முகவரியும் உள்ள பத்திரம் வேண்டும். மத்திய தேர்தலில் சாரதி அனுமதிப்பத்திரமோ, படமும் பெயரும் முகவரியும் உள்ள வேறு அரச அட்டையோ இல்லாதவர் பொதுவாக இரண்டு பத்திரம் காட்ட வேண்டும், ஒன்றிலாவது முகவரி இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் முகவரி அச்சிட்டிருக்காது. பிள்ளைகளோடு இருக்கும் பெற்றோருக்கு ஹைட்ரோ (மின்சார) பில்லும் மகன் பெயரில்தான் வரும். அவர்களை வங்கிக் கூற்று ஒன்றை முதலே எடுத்துவைக்கச் சொன்னீர்களே, அது பெரிய உதவி.

மாகாண வாக்குச்சீட்டு பெரும்பாலான இடங்களில் எண்ணும் இயந்திரத்துக்குள் போகும். மடிக்காமல் உறைக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். மத்திய சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட வேண்டும். இதைப் பொறுமையாக, ஒருவர் பக்கமும் சாயாமல் காட்டிக்கொடுத்த வாக்களிப்பு நிலைய ஊழியர்களுக்கு நன்றி. தொடர்ச்சியாக 3 மணிநேரம் வாக்களிக்க விடவேண்டும் என்ற சட்டத்தை மதித்து, வேலையாட்களை முகம் கோணாமல் அனுப்பிய முதலாளிமாருக்கும் நன்றி.

மாகாணச் சட்டமன்றமான குயின்ஸ் பார்க்கில் 124 ஆசனங்கள், எங்களுக்கு ஒன்று. வைத்தியசாலை, பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், வாடகைச் சட்டம் எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. தமிழினப்படுகொலை கல்வி வாரச் சட்டம் 2021இல் நிறைவேறியதும், இந்தத் தொகுதி உறுப்பினர் விஜய் தணிகாசலம் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலமாகத்தான். அப்படியிருந்தும் 2022 மாகாணத் தேர்தலில் ஒன்ராறியோ முழுவதும் பாதிப்பேர்கூட வாக்களிக்கவில்லை. அதனால்தான் நீங்கள் வாசல்வரை கூட்டிவந்த ஒவ்வொருவரும் எங்களுக்குப் பெரிது.

வீடு மாறியவர்கள் மாகாணப் பட்டியலிலும் மத்திய பட்டியலிலும் முகவரியைத் தனித்தனியே சரிபாருங்கள். அடுத்தது மாநகரசபைத் தேர்தல், 2026 ஒக்ரோபர் 26.

அன்புடன்,
தொகுதித் தொண்டர்கள்