கீரை விதைக்கும் முன்னால்

அன்புள்ள ஜெயந்தி,

உன் பொங்கல் கடிதத்துக்குப் பதில் போடாமலே சித்திரை வந்துவிட்டது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அவருக்கு முழங்கால் வலி பரவாயில்லை, சின்னவன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வசந்தா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். வசந்தா இன்னும் அதே கொண்டை, அதே கோபம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாலாஜா பக்கம் நிலம் வாங்கியிருக்கிறாய், ஆடிப்பட்டத்தில் கீரை போடப்போகிறாய் என்று தேன்மொழி சொன்னாள். பத்தாம் வகுப்பில் என் தாளை எட்டிப் பார்க்காமல் ஒரு விடை எழுதாதவள், பாலாற்றங்கரையில் நிலம் வாங்கும்போது மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே! ரசாயனமே கிடையாது, ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யமும்தான், மகள் உண்டாகியிருக்கிறாள், அவளுக்கு வாராவாரம் சென்னைக்குக் கீரை அனுப்புவேன் என்று சொன்னாயாமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

ஜீவாமிர்தத்தைக் குறை சொல்லவில்லை. மண்ணுக்கு நல்லதுதான். ஆனால் பூச்சிமருந்து என்றால் வெயிலிலும் நுண்ணுயிரிகளாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். என் பயமெல்லாம் மண்ணில் கலந்திருக்கக்கூடிய ஈயம், காட்மியம் மாதிரி நச்சு உலோகங்களைப் பற்றித்தான். அவை தனிமங்கள், வேறெதுவாகவும் சிதையாது. நீ மூன்று வருடம் நிலத்தைச் சும்மா போட்டாலும் அங்கேயேதான் கிடக்கும். நீ என்ன போடுகிறாய் என்பதைவிட, உனக்கு முன்னால் இருந்தவர் எந்தத் தண்ணீரைப் பாய்ச்சினார், எத்தனை வருடம் பாஸ்பேட் உரம் கொட்டினார் என்பதுதான் எனக்குக் கவலை. பாஸ்பேட் பாறையிலேயே காட்மியம் கலந்திருக்கும், உரத்தோடு வயலுக்கு வந்துவிடும்.

தண்ணீரைப் பற்றி உனக்குச் சொல்லவே வேண்டாம், நீயும் இந்த ஊரில் வளர்ந்தவள்தான். ராணிப்பேட்டையில் அந்த குரோமேட் ஆலை 1995-இல் மூடிவிட்டது, ஆனால் ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் கழிவைக் குவித்துவிட்டுப் போனது. மழை விட்ட மறுநாள் அந்தப் பக்கம் போனால் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் பளிச்சென்று மஞ்சளாக நிற்கும், காய்ந்த ஓரத்தில் அதே நிறத்தில் பொருக்குத் தட்டியிருக்கும். அது ஆறு இணைதிறன் குரோமியம், குரோமியத்திலேயே நஞ்சு அதிகமான வகை. தோல் தொழிற்சாலைக் கழிவு அதற்கு மேல். வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றது, நாடெங்கும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக இழப்பீட்டைக் கொடுங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது, ஜெயந்தி.

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். குரோமியம் பெரும்பாலும் செடியின் வேரோடு நின்றுவிடும், இலைக்கு அதிகம் ஏறாது. கிணற்றுத் தண்ணீரில் இருந்தால்தான் அது பெரிய ஆபத்து. காட்மியம் அப்படி இல்லை. வேர் வழியாக இலைக்குச் சுலபமாக ஏறும், அதிலும் கீரை வகைகளுக்கு அதை இழுக்கும் குணம் அதிகம். செடி வாடாது, இலை பழுக்காது, கொழுகொழுவென்றுதான் இருக்கும். நம் உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தில் தங்கும், அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 வருடம் ஆகும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவு கலந்த தண்ணீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு மெலிந்து, இருமினால்கூட முறிந்தது. வலிக்குதே வலிக்குதே என்று அவர்கள் கதறியதால் இதாய் இதாய் நோய் என்று பெயர் வந்தது. அதிகம் பாதிக்கப்பட்டது யார் தெரியுமா? மாதவிலக்கு நின்ற, பல பிள்ளை பெற்ற பெண்கள். நம் வயசுக்காரிகள். 1968-இல்தான் அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது, அந்த வயல்களின் மண்ணைச் சீர்செய்து முடிக்க 2012 ஆகிவிட்டது.

இன்னொன்று என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் குடல் காட்மியத்தையும் ஈயத்தையும் கூடுதலாக உறிஞ்சும். நம் நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. ரத்தம் ஊற வேண்டும் என்றுதானே உன் மகளுக்குக் கீரை அனுப்பப்போகிறாய்? ஈயம் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று ஈயத்துக்கு ஒரு எல்லையே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீரையை நிறுத்தச் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதே. சுத்தமான மண்ணில் விளைந்த முருங்கைக் கீரையை அவளுக்கு நானே பறித்து அனுப்புகிறேன்.

கழுவினால் போகாதா என்று கேட்பாய். இலையில் ஒட்டிய புழுதியோடு ஈயம் கொஞ்சம் போகும், அதனால் நன்றாகக் கழுவுவது நல்லதுதான். இலைக்குள் ஏறியது கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் அழியாது. இங்கே சந்தைக்கு வரும் அரைக்கீரைக் கட்டுகளைச் சாக்கடை கலந்த வாய்க்காலில் முக்கி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். வேரில் ஒட்டிய மண் போய், இலை பளபளவென்று ஆகிவிடும். அதைப் பார்த்துத்தான் பசுமையாக இருக்கிறதே என்று வாங்குகிறார்கள்.

மண் பரிசோதனை அட்டை வாங்கிவிட்டேன் என்று சொல்லாதே. அதில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம், அமிலநிலை என்று 12 சங்கதி இருக்கும், ஈயமோ காட்மியமோ குரோமியமோ கிடையாது. தனியாக அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். வயலில் பல இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்துகொள், இரும்புக் கரண்டி வேண்டாம், மரக்கரண்டியோ பிளாஸ்டிக்கோ போதும். போர்த் தண்ணீரையும் ஒரு புது பாட்டிலில் பிடித்துக் கொடு. அமிலநிலையையும் பார்க்கச் சொல், மண் புளித்திருந்தால் காட்மியம் சுலபமாகச் செடிக்குள் போகும், அளவாகச் சுண்ணாம்பு இட்டால் குறையும். அளவு அதிகம் என்று வந்தால் கீரையையும் முள்ளங்கியையும் விட்டுவிடு. கொஞ்சம்தான் என்றால் அவரை, சுரை, பீர்க்கன் போடலாம், அவை காயில் குறைவாகவே ஏற்றும். மோசமாக இருந்தால் சம்பங்கி போட்டுப் பூ விற்றுக்கொள். அப்புறம், நகரக் குப்பையில் செய்த உரத்தை மட்டும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே. பேட்டரியும் பெயிண்ட் டப்பாவும் கலந்த குப்பை அது.

ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. முடிவு வந்ததும் அப்படியே படம் எடுத்து அனுப்பு, எண்களை நான் பார்க்கிறேன். மாப்பிள்ளைக்கு இதெல்லாம் எரிச்சலாக இருந்தால் போனை அவரிடம் கொடு, நான் பேசிக்கொள்கிறேன். மகளுக்கு எத்தனையாவது மாதம் என்று எழுதவே இல்லையே நீ?

அன்புடன்,
மல்லிகா