டப்பா வாங்குமுன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். காற்றுப் புகாத டப்பா என்று சொல்லித்தானே விற்றீர்கள், அதில் கொட்டி வைத்த அரிசியில் வண்டு எப்படி வந்தது என்று கடைக்கு வருவோர் அடிக்கடி கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தீபாவளிக்காக அரிசியும் மாவும் மொத்தமாக வாங்கும் காலம் நெருங்குவதால், அதற்கான விளக்கத்தை எழுத்திலேயே தந்துவிடுகிறோம்.

அரிசி வண்டு பெரும்பாலும் பையோடுதான் வீட்டுக்கு வருகிறது. பெண் வண்டு அரிசி மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையைப் பசைபோன்ற ஒன்றால் அடைத்துவிடுவதால், வாங்கும்போது எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் அது முழு வண்டாகி வெளியே வரும். நல்ல மூடி செய்வதெல்லாம் அந்த வண்டு பக்கத்து டப்பாவுக்குப் பரவாமல் தடுப்பதுதான். முட்டையை அழிக்க வேண்டுமானால், வாங்கி வந்த அரிசியையோ பயறையோ பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, குளிர்பெட்டியின் உறைபெட்டியில் நான்கு நாள் வைத்திருங்கள். வெளியே எடுத்தவுடன் பையைப் பிரித்துவிடாதீர்கள்: சில்லென்ற மணிகளின்மேல் காற்றின் ஈரம் படிந்து, பிறகு பூசணம் பிடிக்கும். அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே பிரித்துக் கொட்ட வேண்டும். வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டு வைப்பது நம் வீடுகளில் இருந்துவரும் பழக்கம். செய்வதில் தவறில்லை, ஆனால் அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம்.

பழைய அரிசியின்மேல் புதிய அரிசியைக் கொட்டும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அடியில் தங்கியதுதான் முதலில் கெடுகிறது. இருப்பதைத் தீர்த்து, டப்பாவைக் கழுவி, மூடியின் ரப்பர் வளையத்தைத் தனியே கழற்றி உலர்த்துங்கள். வளையத்தின் அடியில் தேங்கும் நீர் எளிதில் காயாது. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவதால், துணியால் துடைத்தது மட்டும் போதாது. ஓர் இரவு முழுவதும் காற்றாட வைத்த பிறகே நிரப்ப வேண்டும். வறுத்த ரவை, அரைத்த சாம்பார்ப்பொடி ஆகியவற்றின் சூடு முற்றிலும் ஆறுமுன் மூடினால், அவற்றின் ஆவியே உள்ளே நீராகிக் கட்டி தட்டிவிடும்.

சாமானை நாம் கிலோவில் வாங்குகிறோம், டப்பாவோ லிட்டரில் வருகிறது, குழப்பம் இங்கேதான். ஐந்து கிலோ அரிசிக்கு ஆறரை லிட்டர் டப்பா தாராளமாகப் போதும். ஒரு கிலோ துவரம்பருப்புக்கு ஒன்றரை லிட்டர் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதே எடையுள்ள ஆட்டா மாவுக்கு இரண்டு லிட்டர் தேவைப்படும். ஒரே அளவில் பன்னிரண்டு டப்பா கொண்ட செட் பார்வைக்கு அழகுதான். எனினும் வெந்தயத்துக்கும் அரிசிக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? எங்கள் விற்பனைக்கு இது நல்லதன்று என்றாலும், செட்டாக வாங்காதீர்கள் என்றே சொல்வோம்.

புளி, உப்பு, ஊறுகாய் மூன்றுக்கும் கண்ணாடியோ பீங்கான் ஜாடியோ ஏற்றது; உப்பும் புளிப்பும் நாளடைவில் உலோகத்தை அரிக்கும். மற்றவற்றுக்கு எவர்சில்வர் சம்படமும், அடியில் 5 என்ற எண் பொறித்த பிளாஸ்டிக்கும் நன்றாக உழைக்கும்.

அடுப்புக்கு நேர்மேலே உள்ள அலமாரியில் பருப்பையும் மசாலாப் பொடியையும் வைக்க வேண்டாம். சமைக்கும் ஆவி முழுவதும் அங்கேதான் ஏறுகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பாம் ஷெல்டரை, அதாவது அவசரகாலப் புகலிட அறையை, சாமான் அறையாக்கியிருப்பவர்கள், கதவை எப்போதும் அடைத்தே வைக்காமல் நாளுக்குச் சிறிது நேரமாவது திறந்து வைக்கவும், அரிசி டப்பாவைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி வைக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

கடைக்கு வருமுன் அலமாரித் தட்டின் ஆழத்தையும், இரு தட்டுகளுக்கு இடையிலுள்ள உயரத்தையும் அளந்து குறித்து வாருங்கள். மூடி இறுக்கமானதா என்று ஐயம் இருந்தால், உள்ளே ஒரு டிஷ்யூத் தாளை இட்டு மூடி, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். தாள் நனைந்திருந்தால் முதலில் வளையத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். பெரும்பாலான அளவுகளுக்கு வளையம் தனியாகவே எங்களிடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடையினர்