ஏப்ரல் ஆட்டிசம் கூட்டம்: அமெரிக்கப் பகுதியைத் தயாரிப்பவர்கள் கவனத்துக்கு

வணக்கம். கறுப்பினப் பேச்சாளரைக் கடைசியில் சேர்த்து, "இனப் பாகுபாடு பற்றிப் பத்து நிமிடம்" என்று ஒதுக்க வேண்டாம். தலைப்பு முடிவாகும் முன்பே பேசுங்கள். பிறகு கூப்பிட்டால் அவருக்கு மிஞ்சுவது தலையாட்டும் வேலைதான். பெற்றோர் மட்டும் போதாது, ஆட்டிசம் உள்ளவரே வரட்டும். கட்டணத்தை அழைப்பிலேயே எழுதுங்கள். கேள்விகளை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். தட்டச்சு செய்து பதில் சொல்லவும் வழி இருக்கட்டும்.

வரலாற்று ஸ்லைடில் 1977 சான்பிரான்சிஸ்கோ 504 உள்ளிருப்புப் போராட்டம் (மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு கூடாது என்ற 504-ஆம் சட்டப் பிரிவை அமல்படுத்தக் கேட்டது) இருக்கிறது, பிராட் லோமாக்ஸ் இல்லை. சேர்த்துவிடுங்கள். சக்கர நாற்காலியில் இருந்த அவர் பிளாக் பாந்தர் என்ற கறுப்பின உரிமைக் கட்சிக்காரர். மூன்று வாரத்துக்கு மேல் நீண்ட அந்தப் போராட்டத்துக்குச் சூடான சாப்பாடு கொண்டுவந்தது அந்தக் கட்சிதான். சோறில்லாமல் எந்தப் போராட்டம் நிற்கும்?

எண்களில் கவனம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் 2020 தரவில், 8 வயதுக் குழந்தைகளில் ஆட்டிசம் கண்டறியப்பட்டவர்கள் ஆயிரத்துக்குக் கறுப்பினத்தவரில் 29.3, வெள்ளையினத்தவரில் 24.3. பழைய ஸ்லைடுகளில் இது தலைகீழாக இருக்கும். அன்று கறுப்பினக் குழந்தைகள் பலர் கணக்கிலேயே வரவில்லை. ஆகவே "ஆட்டிசம் திடீரெனப் பரவுகிறது" என்று எழுதாதீர்கள்.

போலீஸ் வன்முறை வீடியோ எதையும் திரையில் ஓட்ட வேண்டாம். வாயால் சொன்னால் போதும், அதுவும் முன்கூட்டியே எச்சரித்துவிட்டு.