12 கிலோக் குழந்தைக்கு 500 மில்லிகிராம் கேப்சூல்: மருந்து ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரிவாள் செல் சோகைக்கு மருந்து உருவாக்கும் அறிவியலாளர்களுக்கும், அந்த ஆராய்ச்சிகளுக்கு நிதி ஒதுக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் நீலகிரி மாவட்டம் பந்தலூர்ப் பகுதியில் மருந்தாளுநராகப் பணியாற்றி வருகிறேன். ஒரு மூலக்கூறு ஆய்வகத்தில் மருந்தாகும் விதம் குறித்து நீங்கள் அறிந்ததில் நூறில் ஒரு பங்குகூட நான் அறியேன். ஆனால் அந்த மருந்து என் கையிலிருந்து ஒரு தாயின் கைக்குப் போன பிறகு அதற்கு என்ன நேர்கிறது என்பதை அன்றாடம் பார்க்கிறேன். அதைச் சொல்லவே இம்மடல்.

எங்கள் பகுதியில் பணியர் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றில் அரிவாள் செல் நோயுடன் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து வலியும் சோகையும் தரும் பரம்பரை நோய்) ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். மருந்து தொடங்கியபோது அவள் எடை 12 கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு 180 மில்லிகிராம் ஹைட்ராக்சியூரியா கொடுக்க வேண்டுமென்று மருத்துவர் எழுதினார். எங்களிடம் இருந்ததோ 500 மில்லிகிராம் கேப்சூல். அதைத் திறந்து 10 மில்லி நீரில் கரைத்து, 5 மில்லி சிரிஞ்சில் 3.6 மில்லி எடுத்துப் புகட்டுமாறு தாய்க்குக் கற்றுக்கொடுத்தோம். அவருக்கு எண்கள் தெரியாது என்பதால், சிரிஞ்சில் 3.6 கோட்டுக்கு நேராக ஒரு பிளாஸ்டர் துண்டைச் சுற்றி ஒட்டினேன். குழந்தை குடித்ததுபோக மீதமுள்ள 320 மில்லிகிராம் மருந்து நாள்தோறும் வீட்டுக்குப் பின்னால் மண்ணில் ஊற்றப்படுகிறது. இது புற்றுநோய்க்கும் தரப்படுகிற, செல் பெருக்கத்தைத் தடுக்கிற மருந்து. கையுறையில்லாமல் தொடக்கூடாது என்றும், கருவுற்ற பெண்கள் இதன் தூளை நெருங்கவே கூடாது என்றும் படித்த நானே, அந்தக் கேப்சூலை வீட்டில் திறக்கச் சொல்லி அனுப்புகிறேன். கையுறைப் பொட்டலம் ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பதுண்டு. அது எத்தனை நாளைக்கு வரும்?

ஹைட்ராக்சியூரியா புதிய கண்டுபிடிப்பன்று. 1869-இலேயே ஜெர்மனியில் தயாரிக்கப்பட்ட இந்தச் சேர்மத்தை, அரிவாள் செல் நோயுள்ள பெரியவர்களுக்குத் தர அமெரிக்கா 1998-இல் ஒப்புதல் அளித்தது. அங்கே குழந்தைகளுக்கான ஒப்புதல் வர 2017 ஆயிற்று. ஐரோப்பாவில் 100 மில்லிகிராம் மாத்திரை ஏற்கெனவே இருக்கிறது. நம் நாட்டிலும் குழந்தைகளுக்கான திரவ வடிவத்துக்கு முயற்சிகள் தொடங்கியுள்ளன. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் ஒன்று. இந்த மருந்து காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெடக்கூடியது. எங்கள் பக்கத்துத் தேவாலாவைத் தென்னிந்தியாவின் சிரபுஞ்சி என்பார்கள். ஜூலையில் இங்கே துணி வாரக்கணக்கில் காயாது. உப்புச் சாடியில் உப்பு இருக்காது, நீர்தான் இருக்கும். மூடி திறந்த புட்டி, அடுப்புப் புகை படிந்த பரணில், நாளுக்கொருமுறை திறந்து மூடப்பட்டு, ஒரு மாதம் கழித்து எத்தனை விழுக்காடு வீரியத்தோடு இருக்கும் என்று யாரேனும் அளந்து பார்க்க வேண்டும். குளிர்ப்பெட்டியில் வைக்குமாறு உறையில் அச்சிட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாது; குளிர்ப்பெட்டி இருக்கும் வீடு எங்கே இருக்கிறது?

அளவைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டா ஆகிய நான்கு நாடுகளில் நடந்த ரீச் ஆய்வு 2019-இல் வெளியாகி, வசதி குறைந்த இடங்களிலும் இந்த மருந்தைக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பாகத் தர முடியும் என்று காட்டியது. நாக்பூரில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற மாறாத குறைந்த அளவே குழந்தைகளுக்கு நல்ல பலன் தந்ததாக 2012-இல் ஓர் ஆய்வு சொல்கிறது. நீலகிரிப் பழங்குடியினரிடம் காணப்படுவது அரபு-இந்திய வகை எனப்படும் அரிவாள் செல் மரபணு அமைப்பு. கருவில் இருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபின் இவர்களிடம் பிறந்த பின்பும் கூடுதலாகத் தொடர்வதால் நோயின் போக்கே ஆப்பிரிக்காவிலிருந்து வேறுபடுகிறது. அப்படியென்றால் எங்கள் குழந்தைக்கு 15 தேவையா, 10 போதுமா? குறைந்த அளவே போதுமானால், வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று பார்க்க அடிக்கடி ரத்தம் எடுக்கும் அவசியமும் குறையலாம். அந்தப் பரிசோதனைக்காக ஒரு தாய் இழப்பது தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் கூலி. யானை வழியில் நின்றுவிட்டால் இரண்டு நாள். இக்கேள்விக்கு விடை காணப் புதிய மூலக்கூறு வேண்டியதில்லை. பொறுமையும் ஓரளவு பணமும் போதும்.

மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு நான் எதிரியல்லன். கேஸ்கெவி என்னும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்த செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. பிறகு விலையைப் பார்த்தேன்: 22 லட்சம் டாலர். ரத்தத்தை உருவாக்கும் குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) பிரித்தெடுத்து, கடும் மருந்தால் எலும்பு மஜ்ஜையை வெறுமையாக்கி, வாரக்கணக்கில் மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டிய சிகிச்சை அது. வெளிநாடுகளில் ஒப்புதல் பெற்ற மரபணுச் சிகிச்சைகளுக்கு இங்கே மீண்டும் சோதனை தேவையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விலக்களித்திருக்கிறது. காலதாமதம் குறையும் என்பது சரி. ஆனால் அடுத்த மாதமே அரிவாள் செல் நோய்க்கான வோக்ஸெலோட்டர் என்னும் மாத்திரையை அதன் நிறுவனம் உலகெங்கும் திரும்பப் பெற்றதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். அந்த மருந்து 2019-இல் ஒப்புதல் பெற்றது, அது ஹீமோகுளோபினை உயர்த்தியது என்ற அளவீட்டின் பேரில். வலி நெருக்கடிகளையும் இறப்புகளையும் பிறகு எண்ணிப் பார்த்தபோதுதான் கவலை எழுந்தது. எங்கள் தாய்மார்கள் ஹீமோகுளோபினை எண்ணுவதில்லை. குழந்தை கால்வலியில் அழாமல் உறங்கிய இரவுகளையும் பள்ளிக்குப் போன நாள்களையும் எண்ணுகிறார்கள். உங்கள் ஆய்வுத் திட்டங்களில் முதன்மை அளவீடாக அதை வைத்தால் என்ன?

இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இதே மலைகளில்தான். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இங்குள்ள பழங்குடியினரின் ரத்தத்தில் அதைக் கண்டு எழுதினார்கள். மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பதால் இந்த மரபணு தலைமுறைகளாக நிலைத்தது என்பார்கள். அதே மலேரியாவுக்கான சிங்கோனாவைப் பயிரிட்டு நடுவட்டத்தில் குயினைன் காய்ச்சியதும் இந்த மாவட்டம்தான். 1952-க்குப் பிறகு ரத்தம் எடுக்க எத்தனையோ பேர் இங்கே வந்துபோயிருக்கிறார்கள். தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் இலக்கோடு 2023-இல் தொடங்கியது. பரிசோதித்து அட்டை கொடுப்பது தொடக்கமே. அட்டையில் நோய் உண்டு என்று எழுதப்பட்ட குழந்தைக்கு அடுத்து எதைக் கொடுப்பது என்பதற்கு உங்களிடமிருந்துதான் விடை வர வேண்டும்.

ஆய்வு நடத்த வந்தால் இரண்டை வேண்டுகிறேன். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள், புதிய மூலக்கூறுகளைச் சோதிக்கும்போது நலிந்த பிரிவினரின் ஒப்புதலை ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கின்றன. பழைய மருந்தின் அளவை ஆய்வதானாலும் அப்படியே செய்யுங்கள். பதிவில் விளக்கம் தமிழில் மட்டுமன்றிப் பணிய மொழியிலும் இருக்கட்டும். ஆய்வு முடிந்த மறுநாள் மருந்து நின்றுவிடாது என்பதையும் தொடக்கத்திலேயே எழுத்தில் கொடுங்கள்.

வருவதானால் மே மாத சீசனில் வராதீர்கள்; ஜூலையில் வாருங்கள், உங்கள் மருந்துப் புட்டி நிற்க வேண்டிய ஈரத்தை நேரில் பார்க்கலாம். நான் சொன்ன குழந்தை இப்போது 14 கிலோ. சிரிஞ்சின் பிளாஸ்டரை 4.2 கோட்டுக்கு நகர்த்த அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
பந்தலூர் வட்டம், நீலகிரி.