மிசிசிப்பியைத் தாண்டிய கதையில் ஒரு திருத்தம்

கண்ணம்மாவுக்கு,

நானும் அம்மாவும் ஜூலைக் கடைசியில் இட்டாஸ்கா ஏரிக்குப் போய்வந்தோம். உன் ஏழாவது வயதில் மூன்று பேருமாகப் போனோமே, அதே இடம். மினியாபொலிசிலிருந்து நாலு மணி நேர ஓட்டம். அப்போது வழிநெடுக ‘இன்னும் எவ்வளவு தூரம்’ என்று கேட்டவள் நீ. இந்தத் தடவை அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள்.

ஏரியிலிருந்து மிசிசிப்பி புறப்படும் வாயில் வரிசையாகக் கிடக்கும் கற்கள் நினைவிருக்கிறதா? என் விரலைப் பிடித்துக்கொண்டு அக்கரை ஏறினாய். ஆறு அங்கே இருபது அடி அகலம்தான். ‘மனுஷக் கை படாத இடம், நல்லா பாத்துக்கோ’ என்று சொன்னேன். நீ அதைப் பள்ளிக்கூடத்தில் எழுதியும் கொடுத்தாய். நான் சொன்னது தப்பு. இத்தனை வருஷம் கழித்து அங்கிருந்த பலகைகளை நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது.

அந்த வாய் முன்பு சேறும் சதுப்புமாக இருந்திருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு அழகாக இருக்கட்டும் என்று 1930களில் சதுப்பை வடித்து, ஆற்றுக்குப் புது வாய்க்கால் வெட்டி, குறுக்கே கான்கிரீட்டில் ஒரு சின்ன அணை கட்டி, அதன்மேல் கற்களை அடுக்கியிருக்கிறார்கள். வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில் அரசு வேலைத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் செய்த வேலை. நீ தாண்டியது அணைக்கட்டைத்தான்.

இன்னொன்றும் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். 1832-ல் ஸ்கூல்கிராஃப்ட் என்ற வெள்ளைக்காரப் பயணி ஆறு பிறக்கும் இந்த ஏரியைக் ‘கண்டுபிடித்தார்’ என்றேன். அவரைக் கூட்டிவந்து காட்டியவர் ஓசாவிண்டிப் என்ற, ஒஜிப்வே பழங்குடியின் தலைவர். அவர்கள் மொழியில் இது எல்க் மான் ஏரி. பேரும் வழியும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஸ்கூல்கிராஃப்ட் செய்தது, ‘உண்மையான தலை’ என்று பொருள்படும் ‘வெரிடாஸ் கபூட்’ என்ற லத்தீன் சொற்களின் முன்னும் பின்னும் வெட்டி, நடுவில் மிஞ்சியதை ஏரிக்குப் பேராக வைத்தது. கெட்டிக்காரர்தான், அதை மறுக்கவில்லை. ஏரியைச் சுற்றியுள்ள அரசுப் பூங்காவுக்குள் சாலை போட்டபோது கிடைத்த காட்டெருமை எலும்புகளோ, சுமார் 8,000 வருஷத்துக்கு முன்பே இங்கே ஆள்கள் வேட்டையாடியிருக்கிறார்கள் என்று சொல்கின்றன.

சரி, உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது மேரி கிப்ஸைப் பற்றி. இந்தப் பூங்காவை உண்டாக்கும் சட்டம் 1891-ல் மின்னசோட்டா சட்டமன்றத்தில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. ஆனால் சட்டம் வந்ததும் கோடாலி ஓய்ந்துவிடவில்லை. மரக்கம்பெனிகள் உள்ளே வெட்டிக்கொண்டுதான் இருந்தன. வெட்டிய மரத்தை ஆற்றில் மிதக்கவிட அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். ஏரி மட்டம் ஏறி, கரையோரப் பைன்கள் வேர் அழுகி நின்றன. 1903-ல் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த மேரியின் அப்பா இறந்துபோக, அந்த வேலை மகளுக்கு வந்தது. 24 வயது, இப்போது உனக்கு இருக்கிற வயது. மதகைத் திறக்கச் சொல்லி அந்தப் பெண் நேரே அணைக்குப் போனாள். கை வைத்தால் சுடுவோம் என்று துப்பாக்கியோடு நின்றார்கள். அவள் கையை வைத்தாள். சுடவில்லை. ஆனால் அந்த மதகை ஒற்றை ஆளாக அசைக்க முடியாது. அந்தப் பதவியில் சில மாதங்கள்தான் இருந்தாள். மரம் வெட்டு 1920 வாக்கில்தான் நின்றது. இன்று ஆற்றுவாயில் இருக்கும் பார்வையாளர் மையத்துக்கு அவள் பேர். போனமுறை அந்தப் பேரைப் படிக்காமலே உன்னைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்வந்தவன் நான்.

தப்பிய சிவப்புப் பைன்கள் ஆளை அண்ணாந்து பார்க்க வைக்கின்றன. முந்நூறு வயதை ஒட்டிய மரங்கள் உண்டு, 1700களின் தொடக்கத்தில் காட்டுத்தீக்குப் பிறகு முளைத்தவை. காட்டைக் காக்கிறோம் என்று தீயைப் பல காலம் அணைத்துக்கொண்டே வந்ததில் புதுக்கன்று எழவில்லை. விதைக்குச் சருகு எரிந்த வெறும் மண் வேண்டுமாம். இப்போது அவர்களே கணக்காகத் தீ வைக்கிறார்கள். முளைத்ததை மான் விடுவதில்லை. அதற்காக முழங்கால் உயரக் கன்றுகளின் நுனிக்குருத்தைச் சுற்றி ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறார்கள். குனிந்து பார்த்த அம்மா, ‘மரத்துக்கு யார் ரசீது குத்தினது?’ என்றாள். அடுத்த குளிருக்குள் குருத்து அதைத் தாண்டி வளர்ந்தால், மறுபடி புதுக் காகிதம் குத்த வேண்டும்.

ஆறு முதலில் வடக்கே பெமிட்ஜி என்ற ஊருக்குப் போய், யோசித்துவிட்டுத்தான் தெற்கே திரும்புகிறது. மஞ்சள் எழுத்துக் கம்பத்தில் கடலுக்கு 2,552 மைல் என்று போட்டிருக்கிறது. ஒரு சொட்டு கடல் சேரச் சுமார் 90 நாள் ஆகுமாம். அம்மா கல்லில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக் கழுவினாள். தீபாவளி வாக்கில் அந்தத் தண்ணீர் நியூ ஆர்லியன்ஸைத் தாண்டும், உங்கள் ஊர்க் குழாயில் வருவதும் இந்த ஆறுதானே, அந்த வாரம் மட்டும் காய்ச்சிக் குடி என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

அப்பா